பேர் வெட்டிய வாளி

செப்டம்பர் 4, திங்கள்

இந்த டைரி, சாயப்பவுடர் விக்கிற கம்பெனிக்காரன் ஜனவரியில குடுத்தது. எட்டு மாசமா டிவி மேல சும்மா கெடந்துச்சு. இன்னைக்கு எடுத்து எழுதறேன். பெருசா காரணம் ஒண்ணும் இல்ல. நேத்துக் காலையில இருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் வாயைத் தொறந்து ஒரு மனுசங்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலைன்னு பல்லு விளக்கறப்பத்தான் ஒறைச்சுது. பேச ஆள் இல்லைன்னா எழுதியாவது தொலைக்கலாம்.

பேர் நாச்சிமுத்து. வயசு அம்பத்தாறு. இருபத்திரண்டு சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணியையும் ஒண்ணாச் சேர்த்துச் சுத்தம் பண்ணி ஆத்துல விடற நிலையத்துல ஆப்பரேட்டர். இதை எவன் படிக்கப் போறான்னு எம்பேரை எனக்கே சொல்லிட்டிருக்கேனோ தெரியல.

காலையில வாளித் தண்ணி மாத்துனேன். மீட்டர் 1,870. மத்தியானம் தயிர்ச்சோறு, ஊறுகாய். என் சம்சாரம் ராசாமணி ஆடிப் பதினெட்டுக்கு ஆவாரவலசுக்கு அவ அண்ணன் வீட்டுக்குப் போனவ இன்னும் வரல. அவருக்கு முட்டிவலி, ஒத்தாசைக்கு இருக்கா. நல்லபடியா ஆகட்டும், அப்புறம் வரட்டும்.

செப்டம்பர் 7, வியாழன்

ஞாயித்துக்கெழமை தவிர தினமும் பதினோரு மணிக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு போன் வரும். கண்காணிப்பு மையம். சுத்தம் பண்ணுன தண்ணி ஆத்துக்குப் போற கடைசிக் கால்வாயில ஒரு சென்சார் இருக்குது. தண்ணியில எத்தனை உப்பு கரைஞ்சிருக்குன்னு நிமிசத்துக்கு நிமிசம் அளந்து மெட்ராஸ்ல இருக்கற திரைக்கு அனுப்பும். ரெண்டாயிரத்து நூறுக்குக் கீழ இருந்தா பச்சை. மேல போனா சிவப்பு. ஆத்தங்கரையில இருக்கற அறுபது ஆலைக்கும் இதே ஏற்பாடுதான். முன்னெல்லாம் ஆபீசர் ஜீப்புல வருவாரு, காப்பி குடிப்பாரு, பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டுப் போவாரு. இப்ப ஆளே வரவேண்டியதில்ல, மீட்டர் பேசிக்கும். ஆத்தைக் காப்பாத்தோணும்னா இப்பிடி ஒரு வழி வேணுந்தான். நான் ஒண்ணும் குறை சொல்லல.

போன்ல பேசறது ஜெபமலர்னு ஒரு பொண்ணு. தூத்துக்குடிப் பக்கமாம். முகத்தைப் பாத்ததில்ல. "அண்ணாச்சி, ஜெபமலர் பேசுதேன், உங்க ரீடிங் கன்பர்ம் பண்ணுங்க"ம்பா. நான் எண்ணைச் சொல்லுவேன். அவ திரையில இருக்கறதோட ஒத்துப் பாத்துட்டு அடுத்த ஆலைக்குப் போயிருவா. மொத்தம் ஒரு நிமிசம். இன்னைக்கு எங்க ஊர்ல மழை உண்டான்னு கேட்டா. இல்லைன்னேன். மெட்ராஸ்லயும் இல்லையாம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

வாளித் தண்ணி மாத்துனேன். 1,910. ஜெபமலர் லீவாம், வேற எவனோ பேசுனான். வெடுவெடுன்னு பேசறான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

வாளி வாளின்னு எழுதிட்டே இருக்கேன், என்ன வாளின்னு எழுதல. எழுதுனா குடியா முழுகிரும்?

சென்சார் கால்வாயில இல்ல. கால்வாய் ஓரத்துல ஒரு குழி, குழிக்குள்ள ஒரு வாளி, வாளிக்குள்ள சென்சார். மேல ஒரு தகரம் போட்டு மூடியிருக்குது. வாளியில ஊத்தறது கேன் தண்ணி.

மொதநாள் வெறும் கேன் தண்ணியவே ஊத்திட்டேன். மீட்டர் எழுவதுன்னு காட்டுது. எங்க மேனேஜர் குழந்தைவேலு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாரு. "நாச்சிமுத்தண்ணா, சாயத்தண்ணி எழுவதா? எவன் நம்புவான்?"னு தலையில அடிச்சுக்கிட்டாரு. அன்னைல இருந்து ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு போட்டுக் கலக்கறேன். தினமும் ஒரே எண் வந்தாலும் சந்தேகப்படுவாங்கன்னு கொஞ்சம் ஏத்தி, கொஞ்சம் எறக்கி. ரசத்துக்கு உப்புப் போடற மாதிரி கை பழகிப்போச்சு. இப்பெல்லாம் மீட்டரைப் பாக்காமயே 1,880, 1,920ன்னு சொல்லிருவேன். இந்தத் திறமைக்கு எவனாவது பொன்னாடை போத்தறானான்னு பாப்போம்.

ரெண்டு மாசத்துக்கு மட்டும்னு சொன்னாங்க. அது மாசியில.

செப்டம்பர் 27, புதன்

கொசுவுக்கு மருந்தடிக்கறவங்க வந்தாங்க. டெங்கு காலமாம். தேங்கற தண்ணியில விடச் சொல்லி ஒரு கவர்ல குட்டி மீன் குடுத்துட்டுப் போனாங்க, கொசுப்புழுவைத் திங்குமாம். பாதியைக் கடைசித் தொட்டியில விட்டேன். மிச்சம் இருந்த அஞ்சை வாளியில விட்டேன், அதுலயும் புழு நெளியுது.

சாயங்காலம் பாத்தா தொட்டியில விட்டது எல்லாம் மல்லாந்து கெடக்குது. நிறம் போறதுக்குக் குளோரினை அள்ளிக் கொட்டறோம், அதனாலயா இருக்கும். இல்ல உப்பாலயான்னு தெரியல. வாளியில இருக்கற அஞ்சும் ஜோரா சுத்துது.

அக்டோபர் 1, ஞாயிறு

ராசாமணிக்குப் போன் பண்ணுனேன். அவ அண்ணன் பொண்டாட்டிக்குக் கண் ஆபரேசனாம், அதனால வர நாளாகும். நான் உடுப்பு துவைச்சதைச் சொன்னேன், பச்சைமொளகா விலை ஏறுனதைச் சொன்னேன். ம், ம்ன்னா. போனை அண்ணன்கிட்டக் குடுத்துட்டா. அவிநாசியப்பன் மச்சான் நல்ல மனுசன், எப்ப மாப்ள இங்கிட்டு வர்றீங்கன்னாரு. வேலை ஒழியலைங்கன்னேன்.

அவ ஒண்ணும் கேக்கல. ஒழுங்கா சாப்புடறீங்களான்னு கூடக் கேக்கல.

அக்டோபர் 16, திங்கள்

மழை புடிச்சுக்கிச்சு. குவாட்டர்ஸ்ல எட்டாம் நம்பர் வீட்டுச் சுவர் விழுந்துருச்சு. ஆள் இல்லாத வீடு, விழுந்தா விழட்டும்.

இங்க மொத்தம் பதினாலு வீடு. எவாப்பரேட்டர் ஓடுன காலத்துல பத்து வீட்டுல குடும்பம் இருந்துச்சு. எவாப்பரேட்டர்னா உப்புத் தண்ணியைக் காய்ச்சி உப்பைத் தனியா, தண்ணியைத் தனியாப் பிரிக்கற மெஷின். மூணு மாடி உசரம். அது ஓடுனா ராப்பகலா தரை அதிரும், டம்ளர்ல தண்ணி வெச்சா வளையம் வளையமா நடுங்கும். ராசாமணி தலைவலிக்குதுன்னு திட்டிட்டே இருப்பா. மாசி மாசம் அதோட குழாயெல்லாம் அடைச்சு நின்னு போச்சு. சரி பண்ண ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் பட்டறை எல்லாத்தையும் நிறுத்தோணும்னு இன்ஜினீயர் சொன்னாரு. ரெண்டு மாசம் நிறுத்துனா ஆர்டர் எல்லாம் வேற ஊருக்குப் போயிரும், நாலாயிரம் பேர் வேலையில்லாம நிப்பாங்கன்னு முதலாளிங்க சொன்னாங்க. ரெண்டும் நெசந்தான். அப்பத்தான் வாளி வந்துச்சு. மெஷின் நின்னதும் அதுல வேலை பாத்தவங்க குடும்பத்தோட போயிட்டாங்க. பகல் ஷிப்டுக்கு நாலு பேர் பஸ்ல வருவாங்க, அவங்க வேலை அக்கட்டால, தொட்டிப் பக்கம். அஞ்சு மணிக்குக் கெளம்பிருவாங்க. கடைசிக் கால்வாய் என் ஒருத்தன் பொறுப்பு.

இப்பத் தரை அதிர்றதில்ல. தூக்கம் வர மாட்டேங்குது.

அக்டோபர் 30, திங்கள்

வாளி மாத்துனேன். 1,890. மீன் குட்டி போட்டிருக்குது. எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. ஜெபமலர்கிட்டச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எந்தத் தண்ணியிலன்னு கேட்டா என்ன சொல்றது. முழுங்கிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ராசாமணிக்கு ஒரு சேலை எடுத்து வெச்சிருந்தேன், கத்திரிப்பூ கலர். குளிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆவாரவலசு பஸ் ஏழரைக்கு ஒண்ணு, ஒம்பதுக்கு ஒண்ணு, பத்தே முக்காலுக்கு ஒண்ணு. செம கூட்டம். ஏற முடியல. வந்துட்டேன்.

பத்தே முக்கால் பஸ்ல உக்கார எடம் இருந்துச்சு. பொய் எழுதறதுக்கு டைரி எதுக்கு.

நவம்பர் 24, வெள்ளி

ஜெபமலர் இன்னைக்கு ரீடிங் கேட்டுட்டு உடனே வெக்கல. ஒரு சந்தோச சமாச்சாரம் அண்ணாச்சின்னா. பத்து மாசமா எல்லா ஆலையோட சராசரியும் அளவுக்குள்ள இருக்கறதால, சாயத்தண்ணியால பத்தொம்பது வருசமா மூடிக்கெடக்கற அணை மதகைத் தொறக்க முடிவாயிருச்சாம். பாசனத்துக்குத் தண்ணி. ஜனவரி பத்தொம்பது. "உங்க ஆலைதான் மாடல்னு நான் அறிக்கையில எழுதியிருக்கேன் அண்ணாச்சி. எங்க சாரே படிச்சுட்டுப் பாராட்டினாரு"ன்னா. குரல்ல அத்தனை சந்தோசம்.

எந்த அணைன்னு கேட்டேன். ஆவாரவலசு அணையாம், நாங்க விடற தண்ணி போய்த் தேங்கற அணை.

அணையில தண்ணி எடுத்துச் சோதனை பண்ணலையான்னேன். பண்ணியாச்சாம், நல்ல தண்ணியாம். எப்ப எடுத்தாங்கன்னா ஐப்பசியில, மழைக்கு அப்புறம். மழைத் தண்ணி மேல நிக்கும், உப்புத் தண்ணி கனமானது, அடியில போய்ப் படுத்துக்கும். மதகு அடியிலதான தொறக்கும். இது அந்தப் புள்ளைக்குத் தெரியாது. ஆபீசருக்குத் தெரியோணும், ஆனா அவருகிட்டப் பச்சைக் கலர்ல அறுபது எண் இருக்குது.

மத்தியானம் சோறு ஆக்கல.

டிசம்பர் 8, வெள்ளி

மேனேஜரைப் பாத்துப் பேசுனேன். ரெண்டு மாசம்னீங்க, பத்து மாசம் ஆச்சுங்கன்னேன். மதகு தொறக்கறதுக்குள்ள மெஷினைச் சரி பண்ணிரலாம்ங்கன்னேன். குழந்தைவேலு கெட்டவர் இல்ல. அவருக்கும் தூக்கம் இல்லைன்னு கண்ணைப் பாத்தாலே தெரியுது, பிரஷர் மாத்திரையை வெறும் வாயில போட்டு முழுங்கறாரு. பட்டறையை நிறுத்தாம மெஷின்ல கை வெக்க முடியாது, நிறுத்தறேன்னு சொல்ல ஒரு முதலாளியும் தயாரா இல்லைன்னாரு. இப்பப் போய்ச் சொன்னா பத்து மாசம் எப்பிடி ஓடுச்சுன்னு கேப்பாங்க, நம்ம எல்லாருமே உள்ள போவோம்ன்னாரு. அப்புறம் மெல்லமா, "வேற ஆலையெல்லாம் மட்டும் யோக்கியமாண்ணா?"ன்னாரு.

டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சுட்டு வந்துட்டேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

ராசாமணி அண்ணனோட முட்டிவலிக்காகப் போகல. முட்டிவலி அவருக்குப் பத்து வருசமா இருக்குது. கண் ஆபரேசனும் நானா சொன்னது.

ஆனி மாசம் குழியில இருந்த பிளாஸ்டிக் வாளி வெயில்ல காஞ்சு ஒரு நாள் பட்டுன்னு வெடிச்சுருச்சு. தண்ணி பூரா ஒழுகி, மீட்டர் பூஜ்யம். பதினோரு மணிக்குள்ள சரி பண்ணோணும். ஓடிப் போய் வீட்டுக் குளிக்கற எடத்துல இருந்த எவர்சில்வர் வாளியைத் தூக்கிட்டு வந்தேன். எங்க கல்யாணச் சீர்ல வந்த வாளி. அவிநாசியப்பன் மச்சான் வாங்கி, தங்கச்சி பேர் வெட்டிக் குடுத்தது. விளிம்புல புள்ளி புள்ளியா செ. ராசாமணின்னு இருக்கும். வேற வாளி வாங்கி வெச்சுட்டு இதைத் திருப்பி எடுத்துக்கலாம்னுதான் நெனைச்சேன். எவர்சில்வர் நல்லா நின்னுச்சு, பாசி புடிக்கல. அப்பிடியே விட்டுட்டேன்.

அவ வாளியைக் காணோம்னு ரெண்டு நாள் தேடுனா. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னேன். ஆளே இல்லாத குவாட்டர்ஸ்ல எவன் வருவான்னா. அப்புறம் ஆடி பதினேழு, மத்தியானச் சோத்தை நான் மறந்துட்டு வந்துட்டேன்னு தூக்குப்போசியில எடுத்துட்டு வந்தவ, நான் தகரத்தைத் தூக்கி உப்புப் போட்டுக் கலக்கறதைப் பாத்துட்டா. நான் நிமிந்தா அவ நிக்கறா. கத்தல. குனிஞ்சு விளிம்பைத் தடவிப் பாத்தா. என்னங்க இதுன்னா. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், அவகிட்டப் பொய் நிக்காது.

எங்களுக்கும் ஆத்தோரம் ரெண்டு ஏக்கரா இருந்துச்சு. அந்தக் காலத்துல சாயத்தண்ணிக்குச் சுத்திகரிப்பெல்லாம் கெடையாது, கெணத்துல கலந்துச்சு. எளநி வெட்டுனா உப்புக் கரிச்சுது. ஒவ்வொரு தென்னையா மட்டை தொங்கிப் போச்சு. அவதான் ஒத்தைக் குடத்துல நல்ல தண்ணி தூக்கியாந்து கடைசி மரத்துக்கு ஊத்திட்டிருந்தா. அந்த மரமும் போச்சு. அதனாலதான் இந்த வேலைக்கு வர்றப்ப, நல்ல வேலைங்க, நம்ம காட்டுக்கு வந்தது இன்னொருத்தங்க காட்டுக்கு வராதுன்னு சந்தோசப்பட்டா.

அவ அன்னைக்குச் சொன்னது இதுதான். "எம்பேரை எடுத்து எங்க வெச்சிருக்கீங்க பாருங்க."

அடுத்த நாள் காலையில பஸ் ஏறிட்டா. இன்னைக்கு வரைக்கும் அவ அண்ணன்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா மச்சான் என்னை மாப்ளைன்னு கூப்புட்டிருக்க மாட்டாரு.

டிசம்பர் 25, திங்கள்

1,900. கிறிஸ்துமஸ் வாழ்த்து சொன்னேன். ஊருக்குப் போகலையாம்மான்னேன். டூட்டி அண்ணாச்சின்னா. அந்தப் பக்கம் ஆபீஸ் காலியா இருக்குதாட்ட இருக்கு, குரல் எதிரொலிச்சுது.

ஜனவரி 7, ஞாயிறு

போன் பண்ணுனேன். ராசாமணிதான் எடுத்தா. பின்னால டக் டக்குன்னு சத்தம். என்ன சத்தம்னு கேட்டேன். விதைக்கடலை ஒடைக்கறாங்களாம். ஊர்ல எல்லா வீட்டுலயும் அதே வேலையாம். பத்தொம்பது வருசம் கழிச்சு வாய்க்கால்ல தண்ணி வருதுல்ல. மச்சான் நாலு ஏக்கராவும் உழுது போட்டுட்டாராம், முட்டிவலியோட வரப்புல நடந்துட்டே இருக்காராம். குடிக்கற கெணறும் வாய்க்காலை ஒட்டித்தான் இருக்குது.

டக் டக்குன்னு சத்தம் மட்டும் வந்துச்சு.

நீயும் ஒடைக்கறயான்னு கேட்டேன். "எல்லாரும் ஒடைக்கறப்ப நான் மட்டும் சும்மா உக்கார முடியுங்களா?"ன்னா. வெச்சுட்டா.

ஜனவரி 10, புதன்

கையில புடிக்கற பழைய மீட்டர் ஒண்ணு ஸ்டோர்ல கெடந்துச்சு. பேட்டரி போட்டுக் கால்வாய்த் தண்ணியில வெச்சுப் பாத்தேன். பாக்கறதுக்குப் பளிச்சுன்னுதான் இருக்குது, கண்ணாடியாட்டம். 6,410.

பதினோரு மாசமா ஒரு தடவை கூட நான் இதை அளந்து பாக்கலைங்கறதை இப்பத்தான் யோசிக்கறேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் வாங்கப் போகல.

ஜனவரி 17, புதன்

காலையில தகரத்தைத் தூக்குனேன். சென்சாரை வாளியில இருந்து எடுத்துக் கால்வாயில விட்டேன். ஒயர் நீளம் பத்தல, சுருட்டிக் கட்டியிருந்ததை அவுத்து எட்ட வெச்சேன். 6,380. மெட்ராஸ்ல இந்நேரம் சிவப்பு மினுங்கும்னு போனைக் கையில எடுத்துக்கிட்டேன். பக்கத்துல உக்காந்துட்டேன்.

பத்து நிமிசத்துல போன். நான் என்னென்ன சொல்லோணும்னு மனசுக்குள்ள அடுக்கி வெச்சிருந்தேன். அவ என்னைப் பேசவே விடல. "அண்ணாச்சி, உங்க சென்சார் ரிப்பேராயிருச்சு. கவலைப்படாதிய, நான் பழுதுன்னு போட்டுருதேன். போன மாசச் சராசரி தானா வந்துரும். நாளைக்கு மதகு அறிக்கை போகணும், உங்களால நிக்கக் கூடாதுல்லா"ன்னா. பதினோரு மாசம் பச்சையாவே இருந்த ஆலை, ஒரு நாள் சிவப்பானா மீட்டர்தான் கெட்டுப்போயிருக்கும்னு அவளுக்குத் தோணுது. அவளைச் சொல்லிக் குத்தமில்ல.

நான் சரிம்மான்னு சொல்லிட்டேன்.

சரிம்மான்னு சொல்லிட்டேன். எழுதறப்பவே கேவலமா இருக்குது. சென்சாரை மறுபடியும் வாளியில வெக்கல, அது கால்வாயிலதான் கெடக்குது, ஆனா மெட்ராஸ்ல பச்சையா இருக்குது. நான் பொய் சொல்லாட்டியும் பொய் அதுபாட்டுக்கு நடக்குது.

ஜனவரி 18, வியாழன்

காலையில வாளியை மேல தூக்கி வெச்சுட்டு அரத்தை எடுத்தேன். எப்பிடியும் ஆள் வருவாங்க, அவ பேராவது இதுல இருக்க வேண்டாம், ராவிடலாம்னு. செ-ங்கற எழுத்து மேல ரெண்டு இழுப்பு இழுத்தேன். அப்புறம் நிறுத்திட்டேன். இதுவும் வாளியில உப்புப் போடற வேலைதான்.

எட்டு மணிக்கு நானே மையத்துக்குப் போன் பண்ணுனேன். ஜெபமலர்தான் எடுத்தா.

"அம்மிணி, சென்சார் நல்லாத்தான் இருக்குது."

"பெறகு என்ன அண்ணாச்சி?"

"நேத்து வந்ததுதான் நெசமான எண்ணு. அதுக்கு முந்தி மாசியில இருந்து நான் உனக்குச் சொன்னதெல்லாம் வாளித் தண்ணி."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு.

"அண்ணாச்சி, இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது" அப்படின்னா, ரொம்ப மெதுவா. எனக்குத் தப்பிக்க வழி குடுக்கறான்னு புரிஞ்சுது.

"ஆகட்டும்னுதான் இதுல கூப்புட்டேன். எழுதிக்க. எவாப்பரேட்டர் மாசியில இருந்து ஓடல. வாளியில உப்புப் போட்டது நாச்சிமுத்து. மதகைத் தொறக்க வேண்டாம்னு சொல்லு. அணையில அடித்தண்ணி எடுத்துப் பாக்கச் சொல்லு."

யார் செய்யச் சொன்னாங்கன்னு கேட்டா. சொன்னேன். சொன்னாங்க, ஆனா உப்புப் போட்டது என் கைன்னேன். தட்டச்சு பண்ற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. கடைசியில, "அறுபது ஆலையில உங்களுக்குப் போன் போடும்போது மட்டுந்தான் நான் பயமில்லாம போடுவேன் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. அழுதாளான்னு தெரியல.

மூணு மணிக்கு ஜீப் ரெண்டு வந்துச்சு. காப்பி யாரும் குடிக்கல. ஒருத்தர் பட்டியல் எழுதுனாரு. எவர்சில்வர் வாளி ஒன்று, பெயர் வெட்டப்பட்டதுன்னு சத்தமாச் சொல்லிட்டே எழுதுனவரு, நிமிந்து, யாருய்யா ராசாமணின்னாரு. என் சம்சாரமுங்கன்னேன். அவங்களும் இதுல உண்டான்னாரு. இல்லீங்க, அவ இதைப் பாத்துட்டுத்தான் வீட்டை விட்டுப் போனான்னேன். முன்ன பின்ன தெரியாத எட்டுப் பேருக்கு நடுவுல அதைச் சொன்னேன். வாளியில இருந்த தண்ணியைச் சாம்பிளுக்கு எடுத்துக்கிட்டாங்க. மீனை மட்டும் ஊறுகாய் பாட்டில்ல புடிச்சுக்கறேன்னு கேட்டேன். விட்டாங்க.

ஜனவரி 19, வெள்ளி

மதகு தொறக்கல. அடித்தண்ணி 5,900 இருந்துச்சாம், பேப்பர்ல போட்டிருந்தான். இருபத்திரண்டு பட்டறைக்கும் பூட்டு. கேட்டுக்கு வெளிய ஆளுங்க நின்னு என்னைப் பேரைச் சொல்லித் திட்டறாங்க. பாவம், அவங்க வயித்தெரிச்சல். மேனேஜரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. போறப்ப என்னைப் பாத்தாரு, திட்டல. எனக்கு வேலை போச்சு, செவ்வாய்க்குள்ள வீட்டைக் காலி பண்ணோணும். விசாரணைக்குக் கூப்புடறப்ப வரோணும்.

எவாப்பரேட்டர்காரங்க வந்து பாத்துட்டாங்க. குழாய் மாத்த ரெண்டு மாசம் ஆகுமாம். அதே ரெண்டு மாசம்.

பதினோரு மணிக்குப் போனைப் பாத்தேன். வரல.

ஜனவரி 21, ஞாயிறு

நான் பண்றதுக்கு முந்தி ராசாமணி போன் பண்ணுனா. ஊரே ஒடைச்ச கடலையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நிக்குதாம், வர இருந்த தண்ணியைக் கெடுத்தான் ஒரு பாவின்னு வீதியில பேசறாங்களாம். அது எம் புருசந்தான்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டாளாம். மச்சான் ஒரு நாள் பூரா பேசலையாம். அப்புறம் காட்டைப் போய்ப் பாத்துட்டு வந்து, தொறந்திருந்தா மண்ணு செத்திருக்கும், இது ஒரு வெள்ளாமைதான போச்சுன்னாராம்.

வாளியை எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னேன். கேஸ் முடியற வரைக்கும் வராது. பட்டியல்ல உம்பேரும் ஏறிருச்சுன்னேன்.

அதுக்கு அவ சொன்னா. "சரி. வர்றப்ப ஒரு வாளி வாங்கிட்டு வாங்க. இங்க குளிக்க வாளி பத்தல."

ஜனவரி 22, திங்கள்

தெரியாத நம்பர்ல இருந்து போன். ஜெபமலர், அவ சொந்த போன்ல. மழை உண்டான்னு கேக்கல. மத்த அம்பத்தொம்பது ஆலைக்கும் ஆள் அனுப்பிக் குழியைத் தொறந்து பாக்கறாங்களாம். இனிமே சென்சார் மேல கேமரா வெக்கப் போறாங்களாம், மாசம் ஒருக்கா ஆளும் நேர்ல வருவாராம். இதுவரைக்கும் பதினேழு வாளி அண்ணாச்சின்னா.

ஜனவரி 23, செவ்வாய்

வீட்டைக் காலி பண்ணிட்டேன். ஒரு பெட்டி, ஒரு மூட்டை, கத்திரிப்பூச் சேலை, மீன் பாட்டில். பஸ் நாலே முக்காலுக்குத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பாத்திரக்கடையில எவர்சில்வர் வாளி ஒண்ணு எடுத்தேன், பதினஞ்சு லிட்டர், நல்ல கனம். கடைக்காரர் துடைச்சுக் குடுத்துட்டு, "பேர் வெட்டோணுங்களா?"ன்னாரு. வெட்டுங்கன்னேன். மெஷினைக் கையில எடுத்துக்கிட்டு, வீட்டுல அம்மா பேருங்களான்னு கேட்டாரு.

இல்லீங்க, நாச்சிமுத்துன்னு போடுங்கன்னேன்.